ஆயிரம் வெள்ளிச் செவிப்பொறி



அண்மையில் எங்கள் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக் கொண்டிருந்தபோது தாயார் ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். அவருடைய மூத்த மகன் என்னிடம் படித்தவன். இப்போது இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவம். ஊர்த் திருவிழாக்களில் உறுமி மேளம் வாசிக்கும் குழுவில் இருக்கிறான். அவர்கள் வாசிப்பதைப் பதிவு செய்து கணினியில் சீர்படுத்துவதும் அவன் வேலைதான்.

"சார், பையன் ஆயிரம் வெள்ளிக்கு இயர்போன் கேக்கிறான். ஏதோ காந்தம், தட்டைன்னு சொல்றான். எனக்கு ஒன்னும் புரியல. வாங்கிக் கொடுக்கலாமா?"

அந்த அம்மா தொழிற்சாலையில் மாறுநேர வேலை பார்ப்பவர். ஆயிரம் வெள்ளி என்பது அவருக்கு எத்தனை இரவுகளின் உழைப்பு என்பதை நானறிவேன். விசாரித்துச் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன். விசாரிக்கப் புகுந்தபோது, அந்தச் சின்னஞ்சிறு பொருளின் வரலாறு நம் பேராக் மண்ணைத் தொட்டுக்கொண்டு போவதைக் கண்டு வியந்தேன். அவருக்குச் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நாம் எப்படிக் கேட்டோம் என்பதிலிருந்து தொடங்குவோம்.

எங்கள் ஊர் தஞ்சோங் ரம்புத்தான். வெளியூரில் பெயரைச் சொன்னால் பலரும் ஒரு மாதிரி சிரிப்பார்கள். 1911ஆம் ஆண்டு இங்குத் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனைதான் காரணம். அந்தச் சிரிப்புக்கு நாங்கள் பழகிவிட்டோம். ஈப்போவிலிருந்து வடக்கே செல்லும் இரயில் பாதையில் எங்கள் ஊர், அடுத்து செம்மோர், அதற்கடுத்து சுங்கை சிப்புட். 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத் துரைமார்கள் மூவர் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது என்பது நாம் வரலாற்றுப் பாடத்தில் கற்பிக்கும் செய்திதான். பாடத்தில் அவ்வளவாக வராத செய்தி ஒன்றுண்டு. அந்த அவசரகாலந்தான் தோட்டப்புறங்களுக்கு வானொலியைக் கொண்டு வந்து சேர்த்தது.

1946ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொடங்கிய ரேடியோ மலாயா, மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய மொழிகளில் ஒலிபரப்பியது. ஆனால் வானொலிப் பெட்டி வாங்கும் வசதி லயத்து வீடுகளில் இல்லை. அரசாங்கத்துக்கோ காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளின் பேச்சு மக்கள் காதில் விழுவதற்கு முன் தன் பேச்சு விழ வேண்டியிருந்தது. பிற்காலத்தில் பிபிசியின் தலைமை இயக்குநரான ஹியூ கார்ல்டன் கிரீன் 1950ஆம் ஆண்டு இங்கு வந்து அவசரகாலத் தகவல் பணிக்குப் பொறுப்பேற்றார். தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொதுவில் வைத்துக் கேட்கும் வானொலிப் பெட்டிகள் நிறுவப்பட்டன. நோக்கம் அரசியல், பயனோ வேறு. எம் தந்தையார் சொல்வார்: செய்தி முடியும்வரை ஆண்கள் பீடி பிடித்துக் கொண்டு எட்ட நிற்பார்களாம், பாட்டு தொடங்கியதும் லயமே காலியாகிவிடுமாம். கோயில் திடலில் பாய் விரித்து, நாடகம் கேட்டு, அதில் வரும் மாமியாரைத் திட்டி, மறுநாள் பால் வெட்டும் நிரையில் அதே கதையைப் பேசி... ஒரு பெட்டி, இருநூறு காதுகள்.

இரவில் திருமணம், திருவிழா என்றால் 'கேஸ்லைட்' என்னும் காற்றழுத்த விளக்கு எரியும். அந்த விளக்கையும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். இந்தக் கதையில் அதற்கும் இடமுண்டு.

இனி செவிப்பொறிக்கு வருவோம். தலையில் மாட்டிக் கேட்கும் கருவியைச் செம்மையாகச் செய்தவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியல் பால்ட்வின். 1910ஆம் ஆண்டு வாக்கில் தம் வீட்டுச் சமையலறையிலேயே செய்து கடற்படைக்கு அனுப்பி வைத்தார். அந்தக் காலத்துத் தொலைபேசிக் கேட்பிகளிலும் செவிப்பொறிகளிலும் காதில் பொருந்தும் மூடி பெரும்பாலும் எபோனைட்டால் ஆனது. எபோனைட் என்பது கந்தகம் மிகுதியாகச் சேர்த்துக் கெட்டிப்படுத்திய ரப்பர். அன்று உலகச் சந்தையை நிறைக்கத் தொடங்கியிருந்தது மலாயாத் தோட்டத்து ரப்பர். அந்த மூடிகளில் எத்தனை நம் பாட்டன்மார் வெட்டிய பாலில் உருவானவையோ!

சாதாரணச் செவிப்பொறி வேலை செய்யும் விதம் எளிது. ஒரு சிறு சவ்வு. அதன் நடுவில் மெல்லிய கம்பிச் சுருள் ஒட்டப்பட்டிருக்கும். சுருள் ஒரு காந்தத்தின் இடைவெளியில் நிற்கும். பாட்டின் மின்னோட்டம் சுருளில் ஏறி இறங்க, சுருள் முன்னும் பின்னும் அசைந்து சவ்வைத் தள்ளும். இதற்கு 'டைனமிக்' என்று பெயர். நாம் வாங்கும் இருபது வெள்ளிப் பொருளிலும் இதுதான் இருக்கிறது. விலையுயர்ந்த பலவற்றிலும் இதுதான்.

இதில் ஒரு குறை உண்டு. முறத்தை நடுவில் ஒரு விரலால் மட்டும் தள்ளினால் விளிம்பு சற்றுப் பிந்தி, வளைந்து நெளிந்துதான் வரும். சவ்வும் அப்படித்தான். நடுவில் தள்ளு விழுகிறது. ஓரம் தன் போக்கில் ஆடுகிறது. அந்த ஆட்டம் நுண்ணிய திரிபாக ஒலியில் சேருகிறது. முறம் முழுவதையும் பல கைகள் ஒரே நேரத்தில் தள்ளினால்?

அதுதான் பையன் கேட்ட 'பிளேனர் மேக்னட்டிக்'. இதில் தனிச் சுருள் கிடையாது. மயிரிழையினும் மெல்லிய நெகிழிப் படலத்தின்மேல் உலோகத் தடம், கோலமிட்டதுபோல் வளைந்து வளைந்து பரப்பு முழுவதும் ஓடுகிறது. படலத்துக்கு முன்னும் பின்னும் சிறு காந்தக் கட்டைகள் வரிசையாக நிற்கின்றன. மின்னோட்டம் பாய்ந்தவுடன் படலம் ஏறத்தாழ மொத்தமாக நகர்கிறது. எடை மிகக் குறைவாதலால் தட்டியவுடன் எழுகிறது, நிறுத்தியவுடன் நிற்கிறது. உறுமியின் இழுப்பும் அதனோடு வரும் சிறு பறையின் வெட்டும் ஒன்றோடொன்று குழம்பாமல் கேட்க வேண்டுமென்று ஒரு பையன் ஆசைப்பட்டால், அவன் தேடுவது இந்தக் குணத்தைத்தான்.

இம்முறை புதியதா என்றால், இல்லை. 1920களில் ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனத்தில் ஹான்ஸ் ரீகர் என்பவர் 'பிளாட்ஹாலர்' என்றோர் ஒலிபெருக்கியை உருவாக்கினார். தட்டையான தகடு, அதில் மடிந்து ஓடும் கடத்தி, அதைச் சூழ்ந்த காந்தப் புலம். அடிப்படைக் கருத்து இதுவேதான். ஆனால் அன்றைய காந்தங்கள் வலுவற்றவை. ஆகவே மின்காந்தம் வைத்து அதற்கே தனியாக மின்சாரம் கொடுக்க வேண்டியிருந்தது. பெருங்கூட்டங்களுக்குத் திறந்தவெளியில் பேச்சை ஒலிக்கச் செய்வதற்காகவே அது பயன்பட்டது. ஊருக்கே கேட்பதற்காகப் பிறந்த கருவியின் பேரப்பிள்ளை இன்று ஒருவன் காதுக்குள் ஒளிந்து கொண்டிருக்கிறது. வரலாற்றின் வேடிக்கைகளுள் இதுவும் ஒன்று.

1970களில் இங்கிலாந்தின் வார்ஃபடேல் நிறுவனம் 'ஐசோடைனமிக்' என்ற பெயரில் தலையில் அணியும் செவிப்பொறியை இம்முறையில் செய்தது. 1976ஆம் ஆண்டு யமஹா எச்பி-1 வெளிவந்தது. இத்தாலிய வடிவமைப்பாளர் மாரியோ பெலினி வரைந்த அழகிய பொருள். இருந்தும் இம்முறை பெருவழக்காகவில்லை. வலுவான புலம் வேண்டுமென்றால் காந்தத்தின் எடை கூடியது. எடையைக் குறைத்தால் ஒலி மெலிந்தது. தலையில் மாட்டுவதற்கே இந்தப் பாடு என்றால், காதுக்குள் வைப்பது பற்றி யார் நினைத்துப் பார்ப்பார்கள்? எல்லாம் காந்தத்திற்காகக் காத்திருந்தன.

அந்தக் காந்தம் 1983ஆம் ஆண்டு வந்தது. ஜப்பானின் சுமிதோமோ ஸ்பெஷல் மெட்டல்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த மசாத்தோ சகாவாவும், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த ஜான் குரோட்டும், ஒருவருக்கொருவர் தொடர்பின்றி, நியோடிமியம், இரும்பு, போரான் ஆகிய மூன்றும் சேர்ந்த காந்தத்தை உருவாக்கினர். அவ்வாண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த ஒரே மாநாட்டில் இருவரும் அதனை அறிவித்தனர். அதற்கு நான்காண்டுகளுக்கு முன், 1979இல், வாக்மேனோடு வந்த இலகுவான செவிப்பொறியில் இருந்தது சமாரியம் கோபால்ட் காந்தம். சமாரியம், நியோடிமியம் இரண்டும் அருமண் தனிமங்கள் எனும் குடும்பத்தைச் சேர்ந்தவை.

நியோடிமியத்தைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரியாவின் கார்ல் அவெர் ஃபொன் வெல்ஸ்பாக், ஆண்டு 1885. அதே மனிதர்தான் கேஸ்லைட்டில் தொங்கும் வெள்ளைச் சல்லடைத் திரியையும் உருவாக்கியவர்! அந்தத் திரியில் பளீரென்று ஒளிர்வது தோரியம் ஆக்சைடு. உடன் சிறிதளவு சீரியம். தோரியமும் நியோடிமியமும் மோனசைட் என்னும் ஒரே கனிமத்தில் கலந்து கிடக்கின்றன. திரிக்காக மோனசைட் தேடியவர்களுள் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியரும் ஒருவர். 1909ஆம் ஆண்டு, இந்தியாவிலிருந்து வந்த தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் அது மின்னக் கண்டு, அதன் ஊற்றைத் தேடிப் போனார். சேர்ந்த இடம் கன்னியாகுமரிக் கரையில் உள்ள மணவாளக்குறிச்சி. இந்திய அரசின் அருமணல் நிறுவனத்துக்கு இன்றும் அங்கே ஆலை உண்டு.

கடல் தாண்டித் தேட வேண்டிய தேவை நமக்கில்லை. கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் அலசிய பிறகு எஞ்சும் கரிய மணலை 'அமாங்' என்பார்கள். நம் வட்டாரத்து முதியவர்களுக்கு இச்சொல் நன்கு தெரியும். அந்த அமாங்கில் இல்மனைட், சிர்கான், செனோடைம் ஆகியவற்றோடு மோனசைட்டும் உண்டு.

இந்த இடத்தில் நான் சற்று நிற்க விரும்புகிறேன். செவிப்பொறி விளம்பரங்களில் இந்தப் பகுதி வருவதில்லை.

ஈப்போவின் புறநகரில், லகாட்டுக்கு அருகில், புக்கிட் மேரா என்றொரு புதுக்கிராமம். அங்கு 'ஏசியன் ரேர் எர்த்' எனும் ஆலை 1982ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் அதில் முக்கியப் பங்குதாரர். அமாங்கிலிருந்து எடுத்த மோனசைட்டைப் பிரித்து அருமண் சேர்மங்களை எடுப்பது அதன் தொழில். பிரித்தபின் எஞ்சுவது தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவு. அதனை எங்கே வைப்பது? பாப்பான் ஊருக்கு அருகில் புதைக்கத் திட்டமிட்டதை அறிந்து 1984இல் மக்கள் மறியல் செய்தனர். 1985இல் புக்கிட் மேரா குடியிருப்பாளர்கள் எண்மர் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அவ்வாண்டு அக்டோபரில் ஆலைக்கு இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது. 1987இல் ஆலை மீண்டும் இயங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் லாலாங் நடவடிக்கை வந்தபோது, கைதானவர்களுள் இந்த எதிர்ப்புக் குழுவினரும் இருந்தனர்.

பிறவிக் குறைபாடுகளும் சிறுவர்களுக்கு வந்த இரத்தப் புற்றுநோயும் ஆலைக் கழிவால் ஏற்பட்டவை என்பது ஊர் மக்களின் குற்றச்சாட்டு. நிறுவனம் அதனை மறுத்தது. 1992ஆம் ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்து ஆலையை மூடச் சொன்னது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. வழக்கில் வென்ற நிறுவனம் மறுமாதமே, 1994 ஜனவரியில், ஆலையை மூடிவிட்டது. அதன்பின் கிளேடாங் மலைத்தொடரில் கழிவைப் பாதுகாப்பாகப் புதைக்கும் பணி பல ஆண்டுகள் நடந்தது. அதற்கு ஏறத்தாழ பத்துக் கோடி அமெரிக்க டாலர் செலவு என்று 2011இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது.

புக்கிட் மேராவில் பிரித்தெடுத்த பொருள் எந்தச் செவிப்பொறிக்குள்ளும் போயிற்று என்று நான் கூறவில்லை. காந்தம் அறிவிக்கப்பட்ட 1983க்கும் பாப்பான் மறியல் நடந்த 1984க்கும் இடையே ஓராண்டுதான் இடைவெளி என்பதை மட்டும் சொல்கிறேன். ஒன்றைப் பாடநூல்கள் அறிவியல் சாதனை என்கின்றன. மற்றொன்று நம் பாடநூல்களில் இல்லை. மாணவர்களுக்குக் 'காந்தம்' கற்பிக்கும் நண்பர்கள், ஈப்போவுக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு, இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவது எனக்கு ஏற்புடையதாகத் தெரியவில்லை. பகாங்கில் கெபேங்கிலுள்ள லைனஸ் ஆலை 2012இல் இயங்கத் தொடங்கியபோது எழுந்த எதிர்ப்பில் புக்கிட் மேராவின் பெயர் திரும்பத் திரும்ப ஒலித்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் தாதுவைப் பிரித்து, காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியம், பிரசியோடிமியம் ஆகியவற்றை அங்கேதான் எடுக்கிறார்கள்.

காந்தம் சிறுத்து வலுத்ததும் பழைய தட்டை முறைக்கு மறுபிறவி கிடைத்தது. கலிபோர்னியாவில் 2008இல் தொடங்கப்பட்ட 'ஆடெஸி' நிறுவனம் அதில் முன்னின்றது. அதனை நிறுவிய இருவருள் ஒருவர் சங்கர் தியாகசமுத்திரம். மற்றவர் அலெக்சாண்டர் ராசன். முதல் பெயரைப் படித்தவுடன் நம்மவர் பெயர்போல் இருக்கிறதே என்று நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன், உண்மையைச் சொல்வதில் வெட்கமில்லை! முதலில் தலையில் அணியும் பெரிய வகைகளைச் செய்த அவர்கள், 2016ஆம் ஆண்டு 'ஐசைன்' என்ற பெயரில் காதில் செருகும் வகையை வெளியிட்டனர். அதன் படலம் 30 மில்லிமீட்டர் விட்டம். ஆகவே அது காதுக்கு வெளியே சிலந்திவலை வேய்ந்த வட்டம்போல் நிற்கும். குழல் மட்டும் உள்ளே செல்லும். விலை நானூறு அமெரிக்க டாலர் அளவில் தொடங்கியது. 2023இல் அந்நிறுவனத்தைச் சோனியின் விளையாட்டுப் பிரிவு வாங்கிக் கொண்டது.

பிறகு சீன நிறுவனங்கள் புகுந்தன. 2021இல் '7ஹெர்ட்ஸ்' நிறுவனத்தின் 'டைம்லெஸ்' 14.2 மில்லிமீட்டர் படலத்தோடு, இருநூற்றுச் சொச்சம் டாலருக்கு வந்தது. பையன் குறித்து வைத்திருந்தது இதைப் போன்ற ஒன்றைத்தான். அடுத்தடுத்துப் பல நிறுவனங்கள் போட்டியிட, இன்று அதனினும் மலிவாகவும் கிடைக்கின்றன. ஒலி ஆர்வலர்கள் பலர் இவற்றைப் புகழ்கின்றனர். எனினும் கைப்பேசியில் நேரடியாகச் செருகினால் சிலவற்றின் முழுத் திறனும் வெளிப்படாது. கூடுதல் மின்வலு தரும் சிறு இணைப்பு ஒன்றும் வாங்க வேண்டிவரும். இதை விற்பவர் கடைசியில்தான் சொல்வார்.

அந்த அம்மாவிடம் நான் முதலில் சொன்னது விலையைப் பற்றியன்று. ஒலியின் அளவைப் பற்றி. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதென்றால் பெரியவர்களுக்கு 80 டெசிபல், சிறுவர்களுக்கு 75 டெசிபல் என்பது உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட வரம்பு. நல்ல செவிப்பொறியில் ஓர் ஆபத்து உண்டு. மட்டமான கருவி ஒலியைக் கூட்டினால் கரகரக்கும், கேட்பவரே குறைத்துவிடுவார். திரிபு குறைந்த கருவியோ எவ்வளவு கூட்டினாலும் இனிமையாகவே இருக்கும், காது எச்சரிக்கை பெறுவதில்லை. வகுப்பில் வலி, வளி, வழி என்று நான் சொல்லும்போது மூன்றையும் ஒன்றாக எழுதும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். பெரும்பாலும் அது பயிற்சிக் குறைதான். ஒரே ஒரு முறை, ஒரு சிறுமிக்கு, அது செவிக் குறை என்று பின்னர் தெரியவந்தது. அவளைக் கவனக்குறைவுக்காக நான் பலமுறை கடிந்துகொண்டிருந்தேன். அன்றுமுதல் எழுத்துப் பிழை கண்டால் முதலில் காதைப் பற்றிக் கேட்கிறேன்.

மறுவாரம் பையனே வந்தான். நண்பனிடம் இரவல் வாங்கிய அதே வகைச் செவிப்பொறி கையில் இருந்தது. "நீங்களே கேட்டுப் பாருங்க சார்" என்று ஒன்றை என்னிடம் கொடுத்து, மற்றதைத் தன் காதில் வைத்துக் கொண்டான். இருவரும் பள்ளி மண்டபத்தின் வாங்கில் அமர்ந்து, சென்ற ஆண்டுத் திருவிழாவில் அவர்கள் வாசித்த பதிவைக் கேட்டோம். உறுமி தனியாக, பம்பை தனியாக, சலங்கை தனியாக நின்றன. இடையில் யாரோ ஒரு பெண்மணி தன் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தொலைவில் இரயில் போயிற்று.

"இது எங்க ஸ்பீக்கர்ல கேக்காது சார்," என்றான்.

ஒலி எத்தனை டெசிபல் என்று கைப்பேசியில் பார்க்கும் வழியைக் காட்டினேன். பாதிப் பணம் அவன் வாசித்துச் சம்பாதிப்பது, மீதி அம்மா என்று முடிவாயிற்று; அதுவும் ஆண்டிறுதித் தேர்வுக்குப் பிறகு. ஆயிரம் வெள்ளிப் பொருள் வேண்டாம், அதில் பாதி விலைக்கே தட்டைக் காந்த வகை கிடைக்கிறது என்று அவனே தேடிக் கண்டுபிடித்துச் சொன்னான். அமாங் கதையையும் கேட்டான். பாப்பான் எங்கே இருக்கிறது என்று வினவினான். விடுமுறையில் அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.